படப்பிடிப்பை நிறுத்தியவர் பெயர்

சரித்திரத்தைத் திருத்துவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் விளக்கிய ஈரம் காய்வதற்குள், ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினேன். கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். அதனால்தான் ஏகமனது சாத்தியமாயிற்று. எங்கள் சங்கத்தில் இரண்டு பேர் மிச்சமிருந்த காலத்தில் மூன்று கோஷ்டி இருந்தது.

காரணம் அடுப்படியிலிருந்து வந்தது. என் மனைவி சுருளியம்மாள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். மாவுக் குண்டானுக்குப் பக்கத்தில் ஒரு காலிக் குண்டான். அதற்குள் அவளுடைய செல்போன். குண்டானுக்குள் வைத்தால் பேச்சு கணீரென்று கேட்கும். இது போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்களின் கண்டுபிடிப்பு. கோடவுனில் முப்பது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து முறத்தில் காயைப் பிரிப்பார்கள். வட்டத்துக்கு நடுவில் குண்டான். குண்டானுக்குள் போன். போனுக்குள் சென்னையிலிருந்து தமிழினி என்றொரு பெண். அந்தப் பெண் நடத்துகிற பாட்காஸ்டுக்குக் 'கறுப்பு வெள்ளைப் பேச்சு' என்று பெயர். பழைய படம் எடுத்த டைரக்டர்கள், பழைய படங்களை ஆராய்ச்சி செய்கிறவர்கள் என்று வாரம் ஒருவரைப் பிடித்து வைத்து இரண்டு மணி நேரம் பேட்டி எடுக்கும்.

இதன் விளைவாக எங்கள் தெருப் பெண்களோடு ஒரு மனிதன் பேச முடியவில்லை. ஆயம்மாளுக்கு எழுபது வயது. கைநாட்டு. போன வாரம் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, "அந்த டைரக்டரு லாங் ஷாட்டுல நல்லாத்தான் ஆரம்பிக்கிறாரு. குளோசப்புக்கு வந்தா பயந்துக்கிறாரு" என்று பாமாயில் வாங்கினாள். என் மனைவி என்னுடைய மேடைப் பேச்சை நாற்பது வருடம் கேட்டவள். ஒரு நாளும் அபிப்பிராயம் சொன்னதில்லை. இப்போது சொன்னாள்.

"உன் பேச்சுல எல்லாம் இருக்கு கன்னையா. எடிட்டிங்குதான் இல்ல."

இருக்கட்டும். அன்று காலை குண்டான் பேசியது 'ஏலமலை எரிகிறது' என்ற படத்தைப் பற்றி.

அந்தப் படம் எழுபத்தெட்டாம் வருடம் போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் எடுக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் கிளர்ச்சியைப் பற்றிய கதை. மூன்று ஊர்களில் மூன்று வாரம் ஓடியது. தொழிலாளியாக நடிக்க எங்கள் ஆட்களையே பிடித்துக்கொண்டார்கள். முதலாளியின் காருக்கு முன்னால் தொழிலாளர்கள் கைகூப்பி நிற்பதாக ஒரு காட்சி வைத்தார்கள். அது பாட்டாளியின் சுயமரியாதைக்கு இழுக்கு. படப்பிடிப்பு மூன்று நாள் நின்றது. நிறுத்தியது நான்.

இதை நான் டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். சிறையில் சொல்லியிருக்கிறேன். என்னைக் கைது செய்ய வந்த இன்ஸ்பெக்டரிடம் ஜீப்பில் போகும்போது சொல்லியிருக்கிறேன். அவர் பாதி வழியில் என்னை இறக்கிவிட்டுவிட்டார். என் வாழ்க்கையில் நூற்று நாற்பத்திரண்டு துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். பதினோரு முறை உள்ளே போயிருக்கிறேன். என்னோடு கொடி பிடித்தவர்கள் இன்று சிலமலை போகிற ரோட்டில் பிளாட் போட்டு, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் புத்தகத்திலும் என் பெயர் இல்லை. எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கன்னையன் என்ற பெயர் வாக்காளர் பட்டியலிலேகூடக் கண்ணையன் என்றுதான் இருக்கிறது. எனக்கென்று உலகத்தில் மிஞ்சியது அந்த மூன்று நாள்.

குண்டானுக்குள் ஈஸ்வர் என்ற திரைப்பட வரலாற்று ஆய்வாளர் சொன்னார்: "படப்பிடிப்பு மூன்று நாட்கள் நின்றுபோனது. காரணம், பனிமூட்டம்."

"பனியா?" என்றேன்.

"தள்ளு, தோசை கருகுது" என்றாள்.

"சுருளி, பனியாம்."

"கேட்டேன்."

"ஒரு வர்க்கப் போராட்டத்தைப் பனின்னு சொல்றான்."

"வாயை மூடு. முக்கியமான எடம் வருது."

முக்கியமான இடம் வந்தது. ஈஸ்வர் உருகினார். அந்த மூன்று நாள் பனியில் டைரக்டர் தவம் போல உட்கார்ந்து யோசித்தாராம். நாலாம் நாள்தான் அந்த உலகப் பிரசித்தமான ஷாட்டாம். கதாநாயகி ஏலச் செடியின் தூரில் குத்தவைத்து உட்கார்ந்து காய் எடுக்கிறாள். கேமரா அவளோடு மண்ணுக்கு இறங்குகிறது. "அதுவரை கதாநாயகிகள் வானத்தைப் பார்த்தார்கள். முதல்முறையாக ஒருத்தி மண்ணைப் பார்த்தாள். எப்பேர்ப்பட்ட மேதைமை."

சுருளியம்மாள் சிரித்தாள். தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் கோபத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அரசியல்வாதிக்கு எல்லாமே தன்னைப் பற்றியதாகத்தான் தெரியும்.

"மறுப்பு அனுப்பணும். இன்னைக்கே நோட்டீஸ் அடிக்கிறேன்."

"நோட்டீஸ மெட்ராசுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு வீடாக் குடுப்பியா? வாய்ஸ்ல அனுப்பலாம். இந்தா, பேசு."

என்னுடைய போன் பட்டன் போன். அதில் பேசலாம், கேட்கலாம், டார்ச் அடிக்கலாம். ஆகவே அவளுடைய போன். அவளுடைய கட்டைவிரல். அவள் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் நடந்துகொண்டே பேசினேன். "அன்பார்ந்த பாட்டாளி வர்க்கப் பெருமக்களே" என்று தொடங்கி, மலையின் பூகோளம், கங்காணி முறையின் தோற்றம், என் இளமைப் பருவம், மூன்று நாள் போராட்டம், பன்னிரண்டு அம்சக் கோரிக்கை, முடிவுரை. பத்தொன்பது நிமிடம்.

"போயிருச்சா?"

"போயிருச்சு."

அது நாற்பது வருடம் காய் பிரித்த விரல். எதை முறத்தில் வைப்பது, எதைக் கீழே தள்ளுவது என்று அதற்குத் தெரியும். இதை நான் அப்போது யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. சுருளியம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் புள்ள போடிக்கே வருதாம். ஈஸ்வரையும் கூட்டிக்கிட்டு. அன்னைக்கி மலையில இருந்த தொழிலாளி ஒருத்தர் போதுமாம், உக்கார வச்சுப் பேட்டி எடுக்கணுமாம்."

நான் சட்டையை மாட்டினேன். இன்னும் எட்டு நாள் இருப்பதாகச் சொன்னாள். கழற்றினேன்.

"ஒரே ஒரு வில்லங்கம் கன்னையா. ராசிங்காபுரத்துலருந்து பாண்டியராஜனும் எழுதியிருக்காராம்."

"கங்காணியா?"

"அவருதான். ஜீப்ப அனுப்பாம விட்டு, நான்தான் சூட்டிங்க நிறுத்துனேன்னு."

கங்காணி. நிர்வாகத்தின் கைத்தடி. தொழிலாளியின் போராட்டத்தைக் கங்காணி கொண்டுபோகிறான். இதைத்தான் என் முப்பத்தேழாவது துண்டறிக்கையில் எச்சரித்திருந்தேன்.

"எதுக்கு வம்பு" என்றாள் சுருளியம்மாள். "நீயே போய் உக்காந்து பேசிரு. தலைவரு நீதான."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நிர்வாகம் ஒரு கோரிக்கையை முதல் நாளே ஒத்துக்கொண்டால், அந்தக் கோரிக்கையை உடனே வாபஸ் வாங்க வேண்டும். நாற்பது வருடம் பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார்ந்து கற்றது. இதை மீறி நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால்தான் எங்கள் சங்கம் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை.

"முடியாது" என்றேன்.

"ஏன்?"

"நானே போய் உட்கார்ந்தா தனிமனித வழிபாடு. கங்காணி நாளைக்கு அதையே சொல்வான். தொழிலாளிகள் கூடித் தேர்ந்தெடுக்கணும். ஓட்டு. அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?"

"ஓட்டெல்லாம் வேண்டாம் கன்னையா. வீண் சோலி."

"கண்டிப்பா வேணும்."

"சொன்னாக் கேளு. ஆளுக்கு ஒண்ணு பேசுவாளுக."

"ஜனநாயகத்துக்குப் பயப்படுறியா?"

"உன் இஷ்டம்" என்று அவள் முறத்தைப் புடைத்தாள். முகத்தில் தோல்வியின் சாயலே இல்லை.

அன்று பகல் முழுக்கச் சோணையும் நானும் தேர்தல் விதிகளை எழுதினோம். சோணை என் பழைய நண்பன். போடியில் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன். என் நூற்று நாற்பத்திரண்டையும் முதலில் வாசித்தவன். சிலவற்றை அவன் மட்டுமே வாசித்தான்.

முதல் விதி: படத்தில் தொழிலாளியாக நடித்தவர்களும் சங்கத் தலைவரும் மட்டுமே வாக்காளர்கள். இரண்டாம் விதி: கங்காணி, கணக்கப்பிள்ளை, முதலாளிக்குச் சொந்தக்காரர் எவருக்கும் உரிமை இல்லை. இது போதும் என்றான் சோணை. எனக்குப் போதவில்லை. கங்காணி, நானும் கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்று நடித்தேன் என்று சொல்லிவிட்டால்? யோசித்தேன். அந்த மூன்று நாளும் பாண்டியராஜன் கம்பத்தில் கொழுந்தியாள் கல்யாணத்தில் இருந்தான். சந்தனம் பூசிக்கொண்டு திரும்பி வந்தது எனக்கு நன்றாக ஞாபகம். ஆகவே மூன்றாம் விதி எழுதினேன். படப்பிடிப்பு நின்ற மூன்று நாளும் மலையில் நேரில் இருந்தவர்களுக்கே வாக்குரிமை. அவர்களில் ஒருவரையே தேர்ந்தெடுக்க முடியும்.

எழுதி முடித்துப் பேனாவை மூடினேன். என் எழுத்திலேயே கூர்மையானது அது. சோணை ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிழைதிருத்தம் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

பொதுக்குழு ஏலக்காய்க் கோடவுனில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூடியது. அன்று நடித்த முப்பத்து நாலு பேரில் உயிரோடு இருப்பது பதினேழு பேர். என் மனைவியோடு சேர்த்துப் பதினேழும் பெண்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பது பெண்கள் வேலை. ஆண்கள் கவாத்து அடிப்போம், குழி வெட்டுவோம், சங்கம் வைப்போம். தலைமை நான். சோணை குறிப்பெழுதினான். தூக்குவாளிகளைத் திறந்துகொண்டே பெண்கள் கேட்டார்கள். நான் மூன்று விதிகளையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன்.

"அந்த மூன்று நாளும் மலையில் இருந்தவர்கள் கை உயர்த்தலாம்."

பதினேழு கை உயர்ந்தது. சாம்பார் சொட்டியது. என் கையும் உயர்ந்தது.

ஆயம்மாள் என்னைப் பார்த்தாள். "அய்யா தலைவரே, நீ எதுக்குத் தூக்குற?"

"இதென்ன கேள்வி?"

"நீ எங்கிட்டு இருந்த? போடியில பிரஸ்ஸுல இருந்த."

வாசகர்களிடம் எதையும் மறைப்பது என் வழக்கமில்லை. அந்த மூன்று நாளும் என் உடம்பு போடியில் இருந்தது. போராட்டத்துக்கு அறைகூவல் விடுக்கும் துண்டறிக்கையை அச்சடித்துக்கொண்டு வரக் கீழே இறங்கியிருந்தேன். ஆனால் சிந்தனை மலையில்தான் இருந்தது. இதை நான் எடுத்துச் சொன்னேன்.

"சிந்தனைக்குக் கை இருக்கா, தூக்குறதுக்கு?" என்றாள் ஆயம்மாள்.

"சோணை, நீ சொல்லு."

சோணை குறிப்பேட்டை மூடினான். நாற்பத்தைந்து வருட நட்பு. "மூணு நாளும் எங்கூடத்தான் இருந்தான் ஆத்தா. போராட்டம் போராட்டம்னு வரிக்கு வரி எழுதிப்புட்டான். அச்செழுத்துப் பத்தல. தேனிக்கு ஆளனுப்பி வாங்கிட்டு வந்து கோத்தோம். நாலாம் நாள் விடியக்காலம்தான் ஜீப்பு ஏறுனான்."

"நாங்க மூணாம் நாள் சாயந்தரமே முடிச்சுப்புட்டோமே" என்றாள் ஆயம்மாள்.

"எதை முடிச்சீங்க?"

"நிறுத்துனத."

"நிறுத்தினது யாரு?"

மற்றப் பதினாறு பேரும் சோற்றை மென்றபடியே என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் ஊறுகாயைப் பார்த்தாள்.

"சுருளி, இத்தனை வருசமா இதை ஏன்டி சொல்லல?"

"நீ எங்க எடம் விட்ட கன்னையா?"

மூன்றாம் விதிப்படி எனக்கு வாக்கு இல்லை. போட்டியிடவும் உரிமை இல்லை. தலைமை தாங்க மட்டும் தடையில்லை. எனவே முடிவை நானே அறிவித்தேன். பதினேழு வாக்கு. சுருளியம்மாள், ஏகமனதாக. ராசிங்காபுரத்துக் கங்காணிக்கும் உரிமை இல்லை என்று சோணை ஆறுதல் சொன்னான். ஆக, அவனும் நானும் ஒரே விதியில் விழுந்தோம். முதலாளித்துவமும் பாட்டாளி வர்க்கமும் முதல்முறையாகச் சமமாயின.

குறித்த நாளில் தமிழினியும் ஈஸ்வரும் காரில் வந்து இறங்கினார்கள். ஈஸ்வருக்கு ஐம்பது வயது இருக்கும். தாடி. எங்கள் வீட்டுப் படியை அவர் தொட்டுக் கும்பிடுவாரோ என்று பயந்தேன், அவ்வளவு பயபக்தி. நான் முன்னால் போய் நின்று, "வணக்கம். கன்னையன். மறுப்பு அனுப்பியவன்" என்றேன்.

"வணக்கங்கய்யா. அம்மாவோட அந்த ஒன்பது செகண்ட் மெசேஜ்தான் எங்களை இங்கே இழுத்துட்டு வந்துச்சு" என்றது அந்தப் பெண்.

"ஒன்பது செகண்டா? பத்தொன்பது நிமிடம்."

தமிழினி போனை எடுத்துக் காட்டியது. குரல் வந்தது. என் குரல் அல்ல. "தாயி, அந்த மூணு நாளும் பனியே இல்ல. வெயிலு பல்லக் காட்டுச்சு. நான் அங்க இருந்தேன். சுருளியம்மா, போடி."

நான் திரும்பிப் பார்த்தேன். சுருளியம்மாள் காப்பி கொண்டுவரப் போயிருந்தாள்.

ஒலிப்பதிவுக்கு உள் அறை. சுவரில் எதிரொலி வருகிறது, துணி கிணி கட்டினால் நல்லது என்றது தமிழினி. வீட்டில் இருந்த துணி எல்லாம் எடுத்து வந்தாள் என் மனைவி. கம்பளி இரண்டு. மீதி என்னுடைய பேனர்கள். பரணில் பத்திரமாகச் சுருட்டி வைத்திருந்தேன். கண்டனப் பேரணி, உண்ணாவிரதம், மறியல், மாபெரும் மறியல். அத்தனையும் ஆணி அடித்து நாலு சுவரிலும் ஜன்னலிலும் கதவிலும் தொங்கவிட்டாள். நான்தான் ஆணி அடித்தேன். கதவைச் சாத்தினார்கள். நாற்பது வருடம் நான் எழுப்பிய முழக்கங்கள் எல்லாம் சேர்ந்து நின்று, ஒரு முணுமுணுப்பைக்கூட வெளியே விடவில்லை.

"நீ தெருவப் பாத்துக்க கன்னையா" என்று கதவைச் சாத்துமுன் சொல்லியிருந்தாள். "ஒரு சத்தம் வரப்படாது. உன்னய மாதிரி ஆளு இல்லாட்டி இது ஆகாத காரியம்."

ஆக நான் தெருவில் நின்றேன். வாழ்நாள் முழுக்கச் சத்தம் போட்டவனுக்குச் சத்தத்தை நிறுத்துகிற சோலி. கேஸ் சிலிண்டர் வண்டி வந்தது. மறித்தேன். மறியல் எனக்குப் புதிதல்ல. மலையிலிருந்து ஆள் ஏற்றி வந்த ஜீப்பு ஆரன் அடித்தது. நடுரோட்டில் படுத்தேன். டிரைவர் சின்ராசு இறங்கி வந்தான்.

"என்னண்ணே, இன்னைக்கி என்ன கோரிக்கை?"

"உள்ளே சரித்திரம் பதிவாகுது. ஆரன் அடிக்காதே."

"யாரு பேசுறா?"

"என் வீட்டுக்காரி."

"நீங்க பேசலையா?"

"எழுந்திருக்கக் கை குடு" என்றேன்.

அப்புறம் தெருவில் கூடிய கூட்டத்துக்கு அமைதியின் அவசியம் குறித்து விளக்க வேண்டியிருந்தது. அரை மணி நேரம் விளக்கினேன். சோணை என் தோளைத் தொட்டான். "மாப்ளே, இப்ப இந்தத் தெருவுல ஒரே ஒரு சத்தந்தான் கேக்குது. அது நீதான்."

அவர்கள் மூன்று மணி நேரம் உள்ளே இருந்தார்கள். வெளியே வந்த ஈஸ்வரின் கண்கள் கலங்கியிருந்தன. என் கையை இரண்டு கையாலும் பற்றி, "நீங்கள்தானா ஐயா, நீங்கள்தானா" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்தது. உள்ளே என்னைப் பற்றி ஏதோ நடந்திருக்கிறது. சுருளியம்மாளிடம் கேட்டேன்.

"எல்லாம் நல்லதாத்தான் சொன்னேன்" என்றாள். "வரும்போது கேட்டுக்க."

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. எங்கள் வீட்டில் இடமில்லை. மற்றப் பதினாறு பேரும் வந்துவிட்டார்கள். சோணை வந்தான். நடுவில் குண்டான். என் மனைவி போனை உள்ளே வைத்துவிட்டு, குண்டானை என் பக்கமாக நகர்த்தினாள். மரியாதைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழினியின் குரல்: "அம்மா, மூணு நாள் ஏன் நின்னுச்சு?"

சுருளியம்மாளின் குரல்: "சிரிப்புத் தாயி."

"சிரிப்பா?"

"சிரிப்புத்தான். மொதலாளி காருக்கு முன்னால நாங்க அழுகணும். எங்களுக்கு முன்னால அந்த ஈரோயினம்மா காய் பறிக்கணும். அந்தம்மா என்ன செஞ்சுச்சு, நின்ன வாக்குல கையத் தூக்கி, செடி உச்சியில கொய்யாக்கா பறிக்கிற மாதிரி பறிக்குது. ஏலக்கா உச்சியிலயா காய்க்கும்? தூர்லருந்து சரம் ஓடி, தரையிலல்ல கெடக்கும். குத்தவச்சுத்தான் எடுக்கணும். மேல வெறும் எலைதான். அந்தம்மா எலையப் பறிச்சுக் கூடையில போட்டுக்கிட்டு அழுகுது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு."

"உங்களுக்கு மட்டுமா?"

"நான் சிரிச்சதப் பாத்து ஆயம்மா. அவளப் பாத்து முப்பது பேரு. டைரக்டரு கட்டுங்கிறாரு. திரும்ப எடுக்கிறாரு. அந்தம்மா கையத் தூக்குது. நாங்க விழுந்து விழுந்து சிரிக்கிறோம். மறுநாளும் அதே கதை. குத்தவச்சு எடுக்கச் சொல்லுங்க, நாங்க அழுகுறோம்னு சொன்னேன். ஈரோயினி மொகம் தெரியாதுங்கிறாரு. தெரியாட்டிப் போகுது, நாங்களும் அழுகலன்னேன். மூணாம் நாள் சாயந்தரம் அந்தம்மாவே எங்க லயத்து வீட்டுக்கு வந்துச்சு. ஏங்க்கா சிரிக்கிறீங்கன்னு கேட்டுச்சு. செடிகிட்டக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனோம். அதுக்கும் சிரிப்பு வந்துருச்சு."

குண்டானைச் சுற்றிப் பதினேழு பேரும் சிரித்தார்கள். நாற்பத்தைந்து வருடப் பழைய சிரிப்பு. கெடவே இல்லை.

ஈஸ்வரின் குரல்: "அப்படியானால்... கேமரா மண்ணுக்கு இறங்கியது..."

"அந்தம்மா உக்காந்துருச்சுல்ல தம்பி. கேமராவும் உக்காந்துதான ஆகணும்."

எனக்கு ஒன்று திருப்தி. பனி ஒழிந்தது. ஈஸ்வர் வீழ்ந்தார். ஆனால் நான் எங்கே?

வந்தேன்.

"நாலாம் நாள் காலையில அந்த ஷாட்டு" என்று தொடர்ந்தது என் மனைவியின் குரல். "தரையெல்லாம் ஒரே ஈரம். அந்தம்மாவுக்குப் பளபளன்னு சேலை. எப்படி உக்காரும்? அந்நேரம் பாத்துப் போடியிலருந்து ஜீப்புல ஒரு கட்டு நோட்டீசு வந்து எறங்குச்சு. எங்க வீட்டுக்காரரு அடிச்சது. அப்பக் கல்யாணமாகல எங்களுக்கு."

"நோட்டீஸ்ல என்ன இருந்துச்சும்மா?"

"யாரும் நடிக்கப் போகாதீங்கன்னு."

"அதை என்ன பண்ணீங்க?"

"அவுக எஸ்டேட்டு கேட்டுகிட்ட நின்னு பேசிக்கிட்டு இருந்தாக. நான் ஒரு கத்தை, ஆயம்மா ஒரு கத்தைன்னு உருவிட்டு வந்து, மடிச்சு, அந்தம்மாவுக்குக் கீழ விரிச்சோம். நல்ல கெட்டியான தாளு. வாகா உக்காந்துச்சு."

எனக்கு அந்தக் காலை ஞாபகம் இருக்கிறது. கேட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கட்டு குறைந்துகொண்டே போனது. மக்கள் ஆர்வத்தோடு வாங்கிப் போகிறார்கள் என்று குரலை உயர்த்தினேன். என் நூற்று நாற்பத்திரண்டில் ஒரே மணி நேரத்தில் தீர்ந்துபோனது அது ஒன்றுதான். அதைச் சொல்லித்தான் அடுத்த வருடம் சங்கத் தேர்தலில் நின்றேன்.

சோணை என் முதுகைத் தடவிக்கொடுத்தான். கோத்தவன் அவன்தானே.

ஆனால் குண்டானுக்குள் ஈஸ்வர் எழுந்து நின்றுவிட்டார் போலிருந்தது. நாற்காலி இழுபட்ட சத்தம். "அம்மா. அந்த ஷாட்டில் கதாநாயகியின் காலடியில் வெள்ளையாக ஒன்று தெரியும். இருபது வருடமாக அதை ஒளி என்று எழுதி வருகிறேன். மூன்று கட்டுரை. அது ஒளி இல்லையா?"

"நோட்டீசு தம்பி."

"ஒரு தமிழ்ப் படத்துக்குள் நிஜமான போராட்டத் துண்டறிக்கை. நடிப்பில்லை, செட்டு இல்லை. அந்தப் படம் முழுக்க உண்மையான ஒரே பொருள் அதுதான். தமிழினி, இது சாதாரணச் செய்தி இல்லை. அதை எழுதிய மனிதரின் பெயர் திரைப்பட வரலாற்றில் ஏற வேண்டும். எங்கள் ஆவணத்தில் முதல் வரியாக ஏறும். அம்மா, உங்கள் வாயால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பதினேழு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மேலே உட்கார்ந்தால் என்ன, கீழே விரித்தால் என்ன. என் பெயர் சரித்திரத்தில் ஏறுகிறது. நூற்று நாற்பத்திரண்டு துண்டறிக்கை, பதினோரு சிறை, மூன்று பிளவு, எல்லாம் இந்த ஒரு நிமிடத்துக்குத்தான். வேட்டியைச் சரிசெய்தேன்.

குண்டானுக்குள் வளையல் சத்தம் கேட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்துகிறாள் என்று தெரிந்தது.

"அய்யய்ய" என்றது சுருளியம்மாளின் குரல், நான் என் ஆயுளில் கேட்டிராத ஒரு நாணத்தோடு. "கட்டுன புருசன் பேர வாயால சொல்றதாவது. எங்க பக்கம் அந்தப் பழக்கமே இல்லங்க தம்பி."

"பரவாயில்லம்மா, நான் சொல்லிடுறேன்" என்று தமிழினி வாயெடுத்தது.

"வேண்டாம் தமிழினி" என்றார் ஈஸ்வர். குரல் தழுதழுத்தது. "இந்த மண்ணின் மரபு அது. அந்தப் பெயர் சொல்லப்படாமலே இருக்கட்டும். எந்தக் காலத்திலும், எவரும், எங்கேயும் சொல்ல வேண்டாம். அதுதான் அந்த மனிதருக்கு நாம் செய்கிற மரியாதை."

வீணை வாசித்தார்கள். நிகழ்ச்சி முடிந்தது.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடி அந்த வீணையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கன்னையா" என்றாள், "சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வையி."